துக்க வீட்டில் கேட்ட கடவுச்சொல்

ஓராண்டாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நோட்டில் சரி என்று டிக் அடித்து வந்தவள் நான்தான். தலைநகர் லுசாகாவில் எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து அறுபது கிளினிக்குகளுக்கு முடிவுகளை அனுப்பும் மென்பொருள் ஒன்று உண்டு. எந்த கிளினிக், எந்த முகவரி, எந்தச் சாவி என்ற அமைப்பெல்லாம் வாராவாரம் காப்பு நகலாகிவிடும். நகல் வந்ததா என்று பார்ப்பேன். ஒரு நாளாவது திறந்து பார்த்தேனா என்றால், இல்லை.

இன்று காலை பழைய கணினியின் டிஸ்க் செத்தது. புதியதில் நகலை ஏற்றப் போனால் கடவுச்சொல் கேட்கிறது. அதை வைத்தவன் எங்கள் கூடத்துக் கணினிக்காரன் ஜெரே. அவன் அம்மா நேற்றுத்தான் இறந்திருந்தாள். அவன் போனும் அணைந்திருந்தது. நகல் திறக்காமல் ஒரு கிளினிக்குக்கும் முடிவு போகாது.

தொலைதூர ஷாங்கோம்போ கிளினிக்கிலிருந்து நர்ஸ் சிஸ்டர் இனோங்கே மூன்றாவது முறையாகக் கூப்பிட்டாள். "கசுபா, அந்தக் குழந்தையோட எச்.ஐ.வி. ரிசல்ட் என்னாச்சு? அம்மாக்காரி ரெண்டு மணி லாரிக்குப் போயிடுவா. போனா மழைக்காலம் முடிஞ்சுதான் வருவா."

போனில் வாசித்துச் சொல்லக் கூடாது. ஒரே பெயருள்ள இரண்டு குழந்தைகளின் முடிவுகள் மாறிப்போனதிலிருந்து அப்படியொரு கட்டளை.

"துக்க வீட்டுல போய் இதைக் கேட்க முடியுமா?" என்று மேலாளர் கையைப் பிசைந்தார். நான் மினிபஸ் ஏறினேன். நான் பெம்பா இனம், அவன் ங்கோனி இனம். ஒருவரையொருவர் கேலி செய்ய வழிவழியாக உரிமையுள்ள முறைக்காரர்கள். சாவு வீட்டிலும் எங்கள் வாய்க்குப் பூட்டு கிடையாது.

முற்றத்து நெருப்பைச் சுற்றி ஆண்கள் இருந்தார்கள். ஜெரே கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். நேராகப் போய் அவன் முன்னால் நின்றேன்.

"டேய் எலி தின்னி, அம்மா போயிட்டா. இனி உனக்கு யாருடா எலி சுட்டுத் தருவா? போறப்போ உன் கடவுச்சொல்லையும் மூட்டை கட்டிட்டாளா?"

அவன் மெதுவாக நிமிர்ந்தான். "வந்துட்டா குரங்கு தின்னி. பொணம் இருக்கிற வீட்டுக்கும் ஆபீஸைத் தூக்கிட்டு வர்ற கூட்டம் உங்க கூட்டம்தான்."

சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையானது. நேற்றிலிருந்து அவன் அழவே இல்லை என்று பக்கத்திலிருந்த அவன் மாமா சொன்னார். எனக்கும் தாங்கவில்லை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுதேன்.

"யாருக்கு அவசரம்?" என்றான், மூக்கைத் துடைத்தபடி. சொன்னேன். பேனா கேட்டு, என் உள்ளங்கையில் பதினாறு எழுத்தை எழுதினான்.

கையைப் பொத்தியபடியே ஆபீஸுக்கு வந்தேன். நகல் திறந்தது. அறுபது கிளினிக்கும் திரையில் வரிசையாக வந்து நின்றன. ஒன்று நாற்பதுக்கு முடிவுகள் போய்ச் சேர்ந்தன.

இனோங்கே கூப்பிட்டாள். "வந்துடுச்சு. நோய் இருக்கு, கசுபா."

"மருந்து?"

"முதல் வேளை இப்பத்தான் வாயில விட்டேன். மிச்சத்தை அவ துணியில முடிஞ்சுக்கிட்டா. லாரி ஹாரன் அடிக்குது, வச்சிடறேன்."

கேலி முறைக்காரிக்குச் சாவு வீட்டில் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. சாயங்காலம் திரும்பிப் போய் ஜெரே வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தேன். குடத்தை இறக்கும்போது பக்கத்தில் வந்து நின்றான்.

"லாரிக்கு முன்னாடி கெடைச்சுதா?"

"கெடைச்சுது. மருந்து குடிச்சிடுச்சு."

"பையனா, பொண்ணா?"

நான் கேட்கவே இல்லை. தெரியாதுடா என்றேன்.