முள்ளம்பன்றியின் சிரிப்பு

“நிறுத்துங்க, நிறுத்துங்க,” ஹெட்போனில் இயக்குநர் காலினின் குரல் வந்தது. “பின்னாடி யாரோ மரம் அறுக்கற மாதிரி இருக்கே, வெர்ன்?”

ஐரீன் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பினாள். மூன்று பக்கமும் அப்பாவின் கோட்டுகளும் கம்பளிகளும் தொங்கும் உடையறை; அதுதான் அவர் வீட்டிலேயே வைத்திருந்த பதிவு அறை. ஒரே கதவு. அதற்கு அந்தப் பக்கம் கட்டிலில் அப்பா வெர்ன். அறுத்துக்கொண்டிருந்தது அவருடைய மூச்சு.

“பக்கத்து வீட்டுக்காரன்,” என்றாள் முள்ளம்பன்றியின் கீச்சுக் குரலில். “பொண்டாட்டி வாயைத் திறந்தா போதும், ரம்பத்தைத் தூக்கிடுவான்.”

இணைப்பின் மறுமுனையில், பர்பாங்க் ஸ்டுடியோவில் இரண்டு மூன்று பேர் சிரிப்பது கேட்டது.

பிக்கெட் என்ற அந்தக் கார்ட்டூன் முள்ளம்பன்றி முப்பது வருடமாக வெர்ன் கோவாலிக்கின் தொண்டையில்தான் குடியிருந்தது. பதிவு தொடங்கினால் முடியும்வரை அவர் சொந்தக் குரலுக்கு வரமாட்டார். நலம் விசாரித்தாலும் பிக்கெட்தான் பதில் சொல்லும். இலையுதிர் காலத்தில் பக்கவாதம் அவர் பேச்சைக் கொண்டுபோனபோது, போர்ட்லாந்திலிருந்து வந்திருந்த மகளின் கையைப் பிடித்து உடையறையைக் காட்டினார். சிறுமியாக இருந்தபோது அதே பிக்கெட் குரலில் அவரோடு சண்டை போட்டவள் அவள். விஷயம் வெளியே தெரிந்தால் பிக்கெட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ஒரே ஒரு அத்தியாயம் என்று நினைத்துத்தான் உள்ளே போனாள். இப்போது வசந்தமே வந்து, தெருவில் ஜக்கரண்டா மரங்கள் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தன. போர்ட்லாந்தில் அவளிடம் பியானோ கற்றவர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

காலையில் நர்ஸ் மரிசோல் சொன்னாள்: “இன்னைக்கு வேணாமே ஐரீன். மூச்சு மாறிடுச்சு.”

“தள்ளிப் போட்டா என்ன ஆச்சுன்னு வீட்டுக்கே வந்துடுவாங்க. அரை மணி நேரம்தான். நீ பக்கத்துல இரு.”

“அவரு உன்னைத்தான் தேடறாரு.”

“தெரியும்,” என்று சொல்லிவிட்டுத்தான் ஐரீன் கதவைச் சாத்தினாள். வெளியே கதவின் மேல் சிவப்பு பல்பு எரிந்தது. அது எரியும்போது அந்த வீட்டில் யாரும் பேசக்கூடாது. அம்மா இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான்.

கிணற்றில் விழுந்த பிக்கெட் மேலே பார்த்துக் கத்தும் வசனத்தைச் சொன்னாள். மறுபடி சொன்னாள். காலின் குறுக்கிடவில்லை.

“பிரமாதம்! சத்தமும் போயிடுச்சு, கவனிச்சீங்களா? சுத்தமா இருக்கு.”

ஐரீன் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினாள். சுத்தமாகத்தான் இருந்தது.

கதவு ஒரு கை அகலம் திறந்தது. மரிசோல் நின்றாள். தலைக்கு மேல் எரிந்த பல்பை நிமிர்ந்து பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் நின்றாள். கன்னம் நனைந்திருந்தது.

“வெர்ன்? இருக்கீங்களா?”

பதில் சொல்ல ஐரீனிடம் ஒரே ஒரு குரல்தான் இருந்தது.

“இங்கதான் இருக்கேன். எங்க போகப் போறேன்?”

“உங்க பக்கத்து வீட்டு ஆளு ரம்பத்தைக் கீழ வச்சுட்டானா?”

“வச்சுட்டான்.”

“அப்ப அந்தச் சிரிப்பு மட்டும் ஒண்ணு குடுத்துடுங்க. கடைசியில தும்மல் வருமே, அது. நீங்க சிரிச்சாத்தான் எங்களுக்கு வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும்.”

அவள் மரிசோலைப் பார்த்தாள். பிறகு, அப்பா சொல்லிக்கொடுத்தபடி வயிற்றில் கையை வைத்து மூச்சை இழுத்துக்கொண்டாள்.

மரிசோல் சத்தம் வராமல் கதவை வெளியிலிருந்து சாத்தினாள்.