மூச்சுக் கோடுகள்

நாட்டின் தலைவர் திடீரென்று இறந்த மறுநாள், துணைத்தலைவராக இருந்த பெண்மணி அந்தப் பொறுப்பை ஏற்று மக்களிடம் பேசியாக வேண்டும். தலைவருக்குக் காலமெல்லாம் பேச்சு எழுதியவன் நான் என்பதால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

எனக்கு அந்த அம்மாவைப் பிடிக்கவில்லை. அவர் ஒன்றும் செய்துவிடவில்லை. முந்தாநாள் வரை பக்கத்து நாற்காலியில் இருந்தவர் இன்று நடு நாற்காலிக்கு வந்துவிட்டார், அவ்வளவுதான். தலைவர் என்று கூப்பிட வாய் வராமல் 'அம்மா' என்றே சமாளித்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் எக்ஸ்பிரஸ். பேச ஆரம்பித்தால் கடைசி ஸ்டேஷனில்தான் நிற்பார். நாட்டில் பாதிப் பேருக்கு அவர் முகமே தெரியாது. இந்தப் பேச்சில் சறுக்கினால் நாற்காலி ஆட்டம் காணும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒலிப்பதிவு அறையில் ஒத்திகை நடந்தது.

"நேற்று ஒருவரை இழந்தோம். பெரிய மனிதர். நம் வீட்டு மனிதர்."

காகிதத்தில் நான் போட்டிருந்த சிவப்புக் கோடுகளில் எல்லாம் ஒழுங்காக நின்று நின்று படித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மூக்கை உறிஞ்சினார். "ஐயாவே பேசுற மாதிரி இருக்குண்ணே."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா காகிதத்தைக் கீழே வைத்தார்.

"அண்ணே, நான் ஏன் இத்தனை தடவை நிக்கிறேன்?"

"நான் அப்படித்தாம்மா எழுதுவேன்."

"யாருக்கு?"

குனிந்து என் கோடுகளைப் பார்த்தேன். தலைவருக்கு நுரையீரல் சரியில்லை. நாலு வார்த்தைக்கு மேல் தம் கட்ட முடியாது. அது வெளியே தெரியக்கூடாது என்று வாக்கியங்களைப் பொடியாக நறுக்கி, மூச்சு வாங்கும் இடத்தில் கோடு போடுவேன். ஜனங்கள் அதைக் கம்பீரம் என்றார்கள். கல்லு மாதிரி திடமாக இருக்கும் ஒரு பெண்மணிக்குச் செத்துப்போனவரின் மூச்சை அளந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"பக்கத்துல உக்காந்திருந்தவளுக்கு அவர் மூச்சு தெரியாதா? இப்படிப் பேசினா அவர் சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும். முதல்ல அழுவாங்க, அப்புறம் சிரிப்பாங்க."

"ஜனங்க அவர் குரலைத்தான் தேடுறாங்க." கொஞ்சம் சூடாகவே சொன்னேன்.

"நானும்தான் தேடுறேன்." காகிதத்தை மறுபடி கையில் எடுத்தார். "அதுக்காக நடிக்க முடியுமா?"

திருத்த நேரமில்லை. நேரலை தொடங்கிவிட்டது.

அம்மா என் வாக்கியங்களை மூன்று நான்காகக் கோத்து, கோடுகளை மதிக்காமல் ஓட்டினார். ஓரிடத்தில் நாக்குத் தடுக்கியது. கடைசிப் பக்கத்தில், ஒரு கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு சட்டென்று நின்றார்.

"இந்த இடத்தில் அவருக்கு மூச்சு வாங்கும். உங்களுக்குத் தெரியாமல் மறைத்தார். அந்த மூச்சை வைத்துக்கொண்டுதான் கடைசி வரை நமக்காக உழைத்தார். அவர் வழக்கமாக நிற்கும் நேரம் நாமும் நிற்போம். பிறகு நான் என் வேகத்தில்தான் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்."

சொன்னபடி நின்றார். அந்த இடைவெளி எனக்கு அத்துப்படி. அது முடியும்போது தலைவரின் குரல் வர வேண்டும். வரவில்லை. அவர் இறந்துவிட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

பேசி முடித்து வெளியே வந்தவர் நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணே, அந்த இடத்துல சரியா நின்னேனா?"

"ஒரு மூச்சு கூடுதலாவே நின்னுட்டீங்க, தலைவரே" என்றேன்.