டெஸ் ஹாலரனுக்கு டிடெக்டர் கொடுத்தது யார்

1

இந்தக் கதையை நான் சால்மன் கம்ஸ் என்ற சிற்றூரின் பெட்ரோல் கடையில் கேட்டேன். காபி வாங்க நின்றபோது யாரோ இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள், காதில் விழுந்தது. முதல் ஐந்து வரைவுகளிலும் இப்படித்தான் எழுதியிருக்கிறேன். இது ஆறாவது. இதிலும் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

எஸ்பெரன்ஸ் என்ற கடலோர ஊரில் பத்தொன்பது வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். தமிழில் கதை எழுதுவேன் என்பது ஊரில் பலருக்குத் தெரியும். தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இதை எழுதும் துணிச்சல் அதனால்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

2

தொடக்கங்கள்:

[டெஸ் ஹாலரன் முப்பத்தொரு வருடம் சாலையோரம் நின்று மற்றவர்களின் வேகத்தை அளந்தவர். ஓய்வுபெற்ற பிறகுதான் அவருக்கே— ]

வேண்டாம். கதை முழுவதும் இந்த ஒரே வாக்கியத்தில் தீர்ந்துவிடுகிறது.

[மெர்லுக்குக் கணவனின் பெயர் நினைவிருந்த கடைசி வருடம் அது.]

இது உண்மை. ஆனால் அழ வைக்கப் பார்க்கிறது. நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எல்லாம் அதனால் வந்ததுதான்.

டெஸ் ஓய்வுபெற்ற போக்குவரத்துப் போலீஸ், எழுபத்தொரு வயது. மனைவி மெர்லுக்கு மறதி நோய் முற்றியதும் கல்கூர்லியில் ஒரு காப்பகத்தில் இடம் கிடைத்தது. எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. கல்கூர்லி வடக்கே முந்நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். வீட்டில் மகன் காலின், நாற்பத்து நாலு வயது, பிறந்ததிலிருந்து சக்கர நாற்காலி. பகல் பராமரிப்பு மையம் காலை எட்டு மணிக்கு அவனை ஏற்றுக்கொள்ளும், மாலை நாலரைக்குத் திருப்பித் தந்துவிடும். இடைப்பட்ட எட்டரை மணி நேரத்தில் டெஸ் போய்விட்டுத் திரும்ப வேண்டும், செவ்வாயும் வெள்ளியும். சட்டப்படி மணிக்கு நூற்றுப்பத்து கிலோமீட்டரில் ஓட்டினால், பெட்ரோலுக்கும் ஊர்களுக்குள் மெதுவாகப் போவதற்கும் முக்கால் மணி போக, மெர்லோடு நாற்பது நிமிடம் கிடைக்கும். அவள் கண் தெளிந்து ஆளை அடையாளம் காணவே சில நாள் அரைமணி ஆகும். நூற்று முப்பதில் போனால் ஒன்றே முக்கால் மணி நேரம்.

அவர் நூற்று முப்பதில் போனார். நாலைந்து மாதத்தில் பிடிபட்டுப் பிடிபட்டு ஓட்டுநர் உரிமத்தின் பன்னிரண்டு புள்ளிகளில் பத்து போய்விட்டது. இன்னொரு தடவை மாட்டினால் மூன்று மாதம் வண்டியைத் தொட முடியாது.*

* "மூணு மாசம் ஆள் போகலேன்னா, போறப்ப புதுசா அறிமுகப்படுத்திக்கணும்" என்றார் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

3

[அந்தச் சமயத்தில்தான் ஊரில் யாரோ அவருக்கு ஒரு ரேடார் டிடெக்டரைப் பற்றி— ]

[வண்டி உதிரிபாகக் கடைக்காரன் ஒருவன்— ]

சரி. நான்தான் கொடுத்தேன்.

பெட்ரோல் கடையில் யாரும் எதுவும் பேசவில்லை. நான் சால்மன் கம்ஸில் இறங்கியே ஏழெட்டு வருடமாகிறது. அந்தக் கருவி என் முன்னாள் கணவருடையது. சிகரெட் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, வண்டியின் முன்கண்ணாடியில் கீழே ஒட்டிவைப்பது. முன்னால் எங்காவது போலீஸ் ரேடார் இருந்தால் இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே கத்தும். எங்கள் மாநிலத்தில் வைத்துக்கொள்ளலாம். அவர் குடிபோன மெல்பர்னில் வைத்திருந்தால் குற்றம். அதனால் அதையும் என்னையும் விட்டுவிட்டுப் போனார்.

டெஸ் இரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்திருந்தார். நான் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்து வைத்தேன்.

"என்னம்மா இது?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்க."

"தெரியும். அதான் கேக்கறேன். எத்தனை பேர் வண்டியில இத பாத்திருக்கேன் தெரியுமா? 'இத வாங்கின காசுக்கு ஒரு அலாரம் வாங்கி அரைமணி முன்னாடி எந்திரிச்சிருக்கலாமேடா'ன்னு சொல்லிட்டு சீட்டு கிழிப்பேன்."

"நீங்க எந்திரிக்கலாம். அந்த மையம் எட்டு மணிக்குத்தானே தொறக்குது?"

மாத்திரைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மருந்துக்காரம்மா, இது வேகமா போறவனுக்குத் தைரியம் குடுக்கற பெட்டி. வேற ஒண்ணுக்கும் ஆகாது."

"மெர்ல் போன வாரம் உங்கள என்னன்னு கூப்பிட்டாங்க?"

இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. முந்தைய வரைவுகளில் இதை வெட்டிவிட்டிருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "குழாய் ரிப்பேர் பண்ண வந்தவன்னு நெனச்சுட்டா," என்றார். பிறகு கருவியை எடுத்து, ஏதோ அசிங்கமான பொருளைப் போலக் கோட்டின் உள்பைக்குள் போட்டுக்கொண்டார்.

4

(இங்கே கதாபாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். முப்பத்தொரு வருடம் விபத்துகளைப் பார்த்த ஒருவர் இவ்வளவு எளிதில் இணங்குவாரா? வாசகர் நம்புவாரா? கற்பனையாக இருந்தால் இன்னும் இரண்டு காட்சி சேர்த்து அவரைத் தயங்க வைத்திருப்பேன். ஆனால் நிஜத்தில் நாலு நிமிடம்தான் ஆனது. கடையில் வேறு ஆளும் இல்லை.)

ஐந்து வாரம் அது நன்றாக வேலை செய்தது. நாலு தடவை கத்தியது, நாலு தடவையும் அவர் தப்பித்தார். மெர்லோடு மதியச் சாப்பாடு வரை உட்கார முடிந்தது.

ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது இருக்கும். சால்மன் கம்ஸை நெருங்கும்போது பெட்டி கத்தியது. டெஸ் நூற்றுப்பத்துக்கு இறங்கினார். கோதுமைக் கிடங்கின் மறைவில் போலீஸ் வண்டி நின்றது. உள்ளே இருந்தது ஜாரெட் என்ற இளம் கான்ஸ்டபிள். பழைய சார்ஜென்ட்டைப் பார்த்ததும் கை உயர்த்தினான். டெஸ்ஸும் உயர்த்தினார். அந்தக் கையைக் கீழே இறக்கும்போது கூசியது என்று என்னிடம் சொன்னார்.

ஐந்து கிலோமீட்டர் தாண்டியிருப்பார். எதிரே ஒரு வெள்ளை யூட், பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி, வந்தது, கூரையில் சிவப்பு நிறச் சிறு துடுப்புப் படகைக் கட்டிக்கொண்டு. கடலுக்குப் போகிற வண்டி. வரும் வேகத்தைப் பார்த்தே டெஸ் கணக்குப் போட்டுவிட்டார், நூற்றைம்பதுக்கு மேல்.

இரண்டு தடவை முன்விளக்கை அடித்துக் காட்டினார், முன்னால் போலீஸ் நிற்கிறது என்று.

ஏன் என்று கேட்டேன். "தெரியலம்மா. கை போயிருச்சு. அஞ்சு வாரமா நானும் அந்தக் கும்பல்ல ஒருத்தன். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவாங்கல்ல, அப்படி."

யூட் உடனே வேகம் குறைந்தது. ஓட்டியவள் ஓர் இளம்பெண். பக்கத்தில் கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மெர்ல் நல்ல நிலையில் இருந்தாள். அதைச் சொல்லாமல் விட எனக்கு உரிமையில்லை. "டெஸ்" என்று பெயர் சொன்னாள். "கழுத்து பட்டன எங்க தொலைச்ச?" என்று திட்டினாள். காலினுக்கு இன்னும் தயிர் பிடிக்குமா என்று கேட்டாள். அந்த வருடம் முழுவதிலும் அப்படி இன்னொரு நாள் வாய்க்கவில்லை. அவர் கிளம்பும்போது கதவு வரை நடந்து வந்தாள்.

5

திரும்பும்போது மூன்றரை மணிக்கு, சால்மன் கம்ஸுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே ஸ்கேடன் அருகே சாலையில் ஒரு பக்கம் அடைத்திருந்தார்கள். வண்டிகள் வரிசையாக நின்றன. போக்குவரத்தைச் சீர்செய்துகொண்டிருந்தது ஜாரெட்.

வயலுக்குள் அறுபது எழுபது மீட்டர் தள்ளி வெள்ளை யூட் தலைகீழாகக் கிடந்தது. சிவப்புப் படகு பயிருக்கு நடுவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, கீறல்கூட இல்லாமல். தார்ச்சாலையில் மஞ்சள் சாயத்தில் கோடுகளும் எண்களும். எத்தனையோ தடவை டெஸ் தன் கையால் போட்ட கோடுகள்தான். எங்கே சக்கரம் சரளையில் இறங்கியது, எங்கே அவள் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினாள், எங்கே உருளத் தொடங்கியது எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே அவரால் படிக்க முடிந்தது.

ஜாரெட் ஜன்னலருகே வந்தான்.

"சார்ஜென்ட்டய்யா. கம்பால்டா ஊருப் பொண்ணு. இருபத்துநாலு வயசு. பேரு டீகன் மல்ரேனி. அந்த எடத்துலயே போயிருச்சு."

டெஸ் மஞ்சள் கோடுகளையே பார்த்தார்.

"புரியவே மாட்டேங்குதுய்யா. காலைல என்னைத் தாண்டித்தான் போனா. ரேடார்ல நூத்தஞ்சு காட்டுச்சு. அவ்வளவு சமத்தா போனா. கைகூட காட்டினா. அதுக்கப்புறம் இங்க வர்றதுக்குள்ள எப்படி இந்த வேகம்?"

[அப்போது டெஸ்ஸின் மனதில் ஓடியது— ]

எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. எழுத்தாளர்கள் இந்த இடத்தில் எதையாவது இட்டு நிரப்புவோம். "நாலரைக்குள்ள காலின எடுக்கணும், விடுப்பா" என்று மட்டும் ஜாரெட்டிடம் சொல்லியிருக்கிறார். போய்ச் சேர்வதற்கு ஐந்து மணி தாண்டிவிட்டது. மையத்தின் வாசலில் காலின் அழுது முடித்து விக்கிக்கொண்டிருந்தானாம்.

6

மறுநாள் கடை திறந்ததும் வந்து பெட்டியைக் கல்லாமேல் வைத்தார். நடந்ததை வரிசையாக, வாக்குமூலம் போலச் சொன்னார்.

நான் எல்லோரும் சொல்வதையே சொன்னேன். "நீங்க காட்டலேன்னாலும் அவ அப்படித்தான் ஓட்டியிருப்பா, டெஸ்."

"இல்ல. நான் காட்டலேன்னா ஜாரெட் புடிச்சிருப்பான். நூத்தி அம்பத்தஞ்சுக்கு மேலன்னா அப்பவே உரிமத்த வாங்கி வெச்சுக்கிட்டு வண்டியையும் எடுத்திருப்பான். அழுதுகிட்டே அம்மாவுக்கு போன் போட்டிருப்பா. அம்மா வந்து திட்டிக் கூட்டிட்டுப் போயிருப்பா. அவ்வளவுதான் ஆகியிருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எத்தனை அம்மாமாருக்கு போன் போட்டுக் குடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் தண்டனை பெறுகிறார். அது நடக்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னார், ஜாரெட் எழுதிக்கொள்ள மறுத்துவிட்டான். "விளக்கு அடிச்சதுக்கு என்ன கேஸ் போடறது? வீட்டுக்குப் போங்கய்யா" என்றானாம். இன்னொன்றில் அவர் வண்டியை விற்றுவிடுகிறார். அதுவும் இல்லை. காலின் இருக்கிறான், மெர்ல் இருக்கிறாள். நூற்றுப்பத்தில் போகிறார், நூற்றுப்பத்தில் வருகிறார். கிடைக்கும் நாற்பது நிமிடத்தில் பெரும்பாலும் மெர்ல் அவரைக் குழாய்க்காரனாகவே பார்க்கிறாளாம். இரண்டு வாரம் முன்பு ஒரு குழாயை நிஜமாகவே முறுக்கிக் காட்டிவிட்டு வந்திருக்கிறார்.

மூன்றாவது முடிவில் மருந்துக்காரியும் ஸ்டேஷனுக்குப் போகிறாள். அதை அரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டேன்.

7

போன செவ்வாய் காலை, காலினை விட்டுவிட்டு நேராகக் கடைக்கு வந்தார். வண்டி வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க கதை எழுதறவங்க. அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு ஒரு கடுதாசி எழுதணும். எனக்கு விபத்து அறிக்கைதான் எழுத வரும்."

"என்னன்னு எழுதறது?"

"நடந்தத."

"நான் குடுத்தேங்கறதையுமா?"

என்னை ஒரு நொடி பார்த்தார். "அது உங்க வசதி."

"டெஸ், அந்தம்மா இதத் தெரிஞ்சுக்க விரும்புவாங்களா? மகளோட தப்புன்னு நெனச்சு ஒரு மாதிரி மனசத் தேத்திக்கிட்டிருப்பாங்க. இத சொன்னா உங்க மேலயும் கோபம் வரும், அந்த ஜாரெட் மேல வரும், எல்லார் மேலயும் வரும். தூக்கம் போயிரும்."

"இப்ப மட்டும் தூங்குவாங்கன்னு நெனைக்கிறீங்களா?"

அவர் கோட்டின் உள்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்துக் கல்லாமேல் வைத்தார். கோடு போடாத வெள்ளைத் தாள். அடியில் ஓரமாகக் கையெழுத்துப் போட்டிருந்தார், முழுப் பெயரோடு. பெயருக்குக் கீழே பழைய போலீஸ் எண்ணையும் எழுதி, பிறகு அதை அடித்திருந்தார்.

"நான் போட்டுட்டேன். மேல நீங்க எழுதுங்க. படிச்சுக் காட்ட வேணாம், அனுப்பிருங்க."

வண்டி ஏறிப் போய்விட்டார்.

ஒரு வாரமாகத் தாள் என் மேசையில் இருக்கிறது. முகவரி எழுதிய உறை பக்கத்தில். அதை எழுதாமல்தான் இதை எழுதிக்கொண்டிருந்தேன், அந்தத் தாய்க்குப் படிக்க முடியாத ஒரு மொழியில். இனி எனக்கு எழுத வேறு வரைவு இல்லை. கையெழுத்துக்கு மேலே பன்னிரண்டு பதின்மூன்று வரிக்கு இடம் இருக்கிறது. முதல் வரியில் யாருடைய பெயர் வர வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். அல்லது, உறையைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள். அன்புள்ள திருமதி மல்ரேனி, உங்கள் மகளை எனக்குத்—