விடுவித்த இடம்

ரத்தினவேலுக்குத் தன் மனைவிமேல் பொறாமை ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆனால் அது பொறாமைதான் என்று அவன் தனக்குள் ஒப்புக்கொண்டது ஒரு திங்கட்கிழமை காலையில். ஓசூர் சிப்காட்டில் அவர்கள் இருவரும் வேலை பார்த்த கம்பெனியில், மேலாளர் ஹரீஷ்குமார் அவன் மேஜையைத் தாண்டிப் போய் மாதேஸ்வரியின் மேஜை முன்னால் நின்றார்.

"அந்தப் போச்சம்பள்ளி பிரச்சினையை இனிமே நீ பாரும்மா."

திரும்பிப் போகும்போது ரத்தினவேலின் தோளை ஒருமுறை தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டலைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்யும் கம்பெனி அது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதன் அடிவேராக இருக்கும் கெர்னல் என்ற மென்பொருளில் வேலை செய்யும் குழுவில் ரத்தினவேல் முதலில் சேர்ந்தவன். அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன். கல்லாவியிலிருந்து மாதேஸ்வரி பிறகு வந்து சேர்ந்தாள். அவளுடைய கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்துத்தான் அவனுக்கு அவள்மேல் ஆசையே வந்தது. கல்யாணமாகி, மகள் லாவண்யா பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு அதே கெட்டிக்காரத்தனம் அவனை உறுத்த ஆரம்பித்தது. கேன்டீனில் யாராவது "மேடம் பார்த்தா உடனே புடிச்சிருவாங்க" என்றால், அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

போச்சம்பள்ளியில் ஒரு தொழிற்சாலை அவர்களுடைய பெட்டியை வாங்கி, தகடுகளை அடித்து வடிவமைக்கும் பிரெஸ் இயந்திரத்துக்குத் தகடு எடுத்துக் கொடுக்கும் இயந்திரக் கையில் பொருத்தியிருந்தது. பெட்டி அவ்வப்போது செத்துப்போனது. ஏன் என்று தெரியவில்லை. ஒருமுறை திரையைக் காட்டும் பகுதி குற்றவாளி என்றது பெட்டியின் பிழைப் பதிவு. இன்னொருமுறை நெட்வொர்க் பகுதி. ரத்தினவேல் வாரக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டான். எல்லாம் ஒழுங்காக இருந்தன. யாரோ ஒருவன் கெர்னலின் நினைவகத்தில் தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் எழுதுகிறான், அடி வாங்குகிறவன் வேறு ஒருவன் என்பது வரைக்கும் அவனுக்குப் புரிந்தது. எழுதுகிறவன் யார் என்பதுதான் அகப்படவில்லை.

வேலை கைமாறிய சில நாட்களில், சாப்பிடும்போது மாதேஸ்வரி தானாகவே பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, ஒண்ணு கவனிச்சன். பெட்டி விழறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி ஒவ்வொரு தடவையும் சென்சார் கேபிள் ஒருவாட்டி விட்டுட்டு திரும்ப மாட்டிக்கிது. பிரெஸ் அடிக்கிற அதிர்ச்சியில இருக்கும். அது நம்ம பெட்டிய ஒண்ணும் பண்ணக்கூடாது இல்ல?"

"பண்ணக்கூடாதுதான்" என்றான் அவன். குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

கேபிள் விடுபடும்போது, சென்சார் தகவலுக்காக ஒதுக்கியிருந்த நினைவக இடத்தை, சென்சாரைக் கவனிக்கும் டிரைவர் என்ற மென்பொருள் விடுவித்துவிடும். விடுவித்த இடத்தைக் கெர்னல் உடனே வேறு யாருக்காவது கொடுத்துவிடும். அதற்குப் பிறகும் அந்த இடத்தின் பழைய முகவரியை ஒரு பாயின்டர் பிடித்துவைத்துக்கொண்டு எழுதினால், அது அடுத்தவன் பொருளைத்தான் அழிக்கும். திரை, நெட்வொர்க் என்று மாறி மாறி விழுந்ததற்கு அதுதான் காரணம். இத்தனையும் அவன் மனதில் ஒரு வாய்ச் சோற்றுக்குள் ஓடி முடிந்தது.

அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள், இருவரும் தட்டைக்கூடக் கழுவாமல் லேப்டாப்பைத் திறந்திருப்பார்கள். முன்பெல்லாம் அப்படித்தான். ஆனால் மறுநாள் கேன்டீனில் என்ன பேசுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். மேடம் பிடித்துவிட்டார்கள் என்பார்கள்.

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றான்.

மறுநாள் காலையில் மீட்டிங் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவன் மட்டும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். லாவண்யாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மாதேஸ்வரி டவுன் பஸ்ஸில் வர வேண்டியிருந்தது. அதற்குள் அவன் டிரைவரைத் திறந்து, இடத்தை விடுவித்த கையோடு பாயின்டரைக் காலியாக்கி, அதில் எழுதும் முன் அது காலியா என்று பார்த்துக்கொள்ளும்படி எழுதிவிட்டான். சோதனை மேஜையில் இருந்த பெட்டியில் கேபிளைப் பிடுங்கி மாட்டினான். பெட்டி விழவில்லை. திரும்பத் திரும்பப் பிடுங்கினான். விழவில்லை.

மாதேஸ்வரி உள்ளே வந்தபோது ஹரீஷ்குமார் அவன் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"நேத்து நைட் படுத்திருக்கப்ப பளிச்சுன்னு தோணுச்சு சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான் ரத்தினவேல்.

மாதேஸ்வரி கைப்பையைக்கூட மேஜையில் வைக்காமல் நின்று கேட்டாள். பிறகு உட்கார்ந்து அவன் எழுதிய மாற்றத்தைத் திறந்து படித்தாள். மெதுவாகப் படித்தாள். ஹரீஷ்குமார் அவள் பக்கம் திரும்பி, "பாத்துட்டியாம்மா? அனுப்பிடலாமா?" என்று கேட்டார்.

"பாத்துட்டேன் சார்" என்றாள். அவ்வளவுதான்.

அவளுக்கு வாயடைத்துவிட்டது என்று ரத்தினவேல் நினைத்தான். அந்த நினைப்பு அவனுக்கு இனித்தது. அன்று மதியம் கேன்டீனில் இரண்டு முறை சாதம் வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் புது மென்பொருளோடு அவனே போச்சம்பள்ளிக்குப் போய்ப் பெட்டியில் ஏற்றினான். இயந்திரக் கையை இயக்கும் சென்றாயன் பக்கத்து ஊர்க்காரர், முன்பு வயல்வேலை பார்த்தவர். "இனிமே நிக்காதுங்களா சார்? நின்னு நின்னு எங்க ஷிப்டு கணக்கே கெட்டுப்போவுது" என்றார். "நிக்காதுண்ணே, தைரியமா ஓட்டுங்க" என்றான் ரத்தினவேல்.

காலை முழுவதும் ஓடியது. மத்தியானம் வேலை சூடு பிடித்து, பிரெஸ் இடைவிடாமல் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் திரை உறைந்தது. கை மட்டும் நிற்கவில்லை. தகட்டைச் சரிசெய்யக் குனிந்திருந்த சென்றாயன் பின்னால் தாவினார். இரும்புக் கை அவர் முழங்கையை உரசிக்கொண்டு போய்த் தூணில் மோதியது. யாரோ ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அடித்தார்கள்.

"குனியறதுக்கு முன்னாடி நில்லுன்னு அமுக்கினேன் சார், நிக்கவே இல்ல" என்றார் சென்றாயன். முழங்கையில் தோல் வழன்று ரத்தம் கசிந்தது.  ரத்தினவேல் தன் கைக்குட்டையை எடுத்து அவர் கையில் அழுத்தினான். முதலுதவிக்காரர் வந்து விலக்கும்வரை எடுக்கவில்லை.

செய்தி கேட்ட ஹரீஷ்குமார் கம்பெனிக் காரில் மாதேஸ்வரியை அனுப்பிவைத்தார். அவள் வந்ததும் அவனைத் தாண்டி நடந்தாள். நேராகச் சென்றாயன் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய்க் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். "வலிக்குதாண்ணா?" என்று கேட்டாள். "சிராய்ப்புதாம்மா, எலும்புக்கு ஒண்ணும் ஆகல" என்றார் அவர். அவள் முகம் வெளுத்திருந்தது.

பிறகு பெட்டியில் சோதனைக் கெர்னலை ஏற்றினாள். விடுவித்த இடத்தை யாராவது தொட்டால் அந்தக் கணமே பெயரோடு காட்டிக்கொடுக்கும் கெர்னல் அது. வேகம் குறையும் என்று யாரும் அதைத் தொழிற்சாலையில் ஏற்றுவதில்லை. இயந்திரக் கையின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பெட்டியை மட்டும் முழுப் பளுவில் ஓடவிட்டுக் கேபிளைப் பிடுங்கினாள். சில முறைதான். திரையில் சிவப்பு எழுத்துகள் வந்து நின்றன.

டைமர். சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி எட்டிப் பார்க்கும் டைமர், அந்த முகவரிக்குத் தனக்கென்று ஒரு நகல் வைத்திருந்தது. ரத்தினவேல் காலியாக்கியது டிரைவரிடம் இருந்த பாயின்டரை மட்டும். இடம் போன பிறகும் டைமர் தன் நகலைப் பார்த்துப் பழைய இடத்திலேயே எழுதிக்கொண்டிருந்தது. இந்த முறை அது அழித்தது கையை நிறுத்தும் கட்டளை இருந்த இடத்தை.

"மொதல்ல டைமர நிறுத்தணும்" என்றாள் மாதேஸ்வரி, திரையைப் பார்த்தபடியே. "ஓடிக்கிட்டு இருந்தா முடியற வரைக்கும் காத்திருக்கணும். அப்புறம்தான் இடத்த விடணும்."

சொல்லிக்கொண்டே திருத்தத்தை எழுதி ஏற்றினாள். யோசிக்கக்கூட இல்லை. ரத்தினவேல் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

அவள் கேபிளை மறுபடியும் பிடுங்கி மாட்டினாள். மாலைவரை பெட்டி முழுப் பளுவில் ஓடியது, விழவில்லை. அதற்குப் பிறகுதான் இருவரும் காரில் ஏறினார்கள். கார் டிரைவர் காதில் விழும் என்பதால் பேச்சைத் தள்ளிப்போட்டார்கள். சூளகிரியில் டிரைவர் டீ குடிக்க நிறுத்தினார். கடைக்கு வெளியே, லாரிகள் நின்ற பக்கமாக ஒதுங்கி நின்றதும் அவளே ஆரம்பித்தாள்.

"நேத்து நீங்க மீட்டிங்னு சொல்லிட்டுப் போனீங்களே, அப்பவே தெரியும். உங்க மாத்தத்தப் படிச்சதுமே தெரிஞ்சிட்டுது, டைமர விட்டுட்டீங்கன்னு."

"அப்ப ஏன் சொல்லல?"

"ஏன் சொல்லணும்? சோறு போட்டுக்கிட்டு நான் சொன்னத எடுத்துக்கினு போயி, படுத்திருந்தப்ப தோணுச்சுன்னு சாருகிட்ட சொல்றீங்க. சரி, போகட்டும், பெட்டி திரும்ப விழட்டும், எல்லாரும் பாக்கட்டும்னு இருந்துட்டேன்." அவள் குரல் உடைந்தது. "பெட்டிதான் விழும்னு நெனச்சன். கை நிக்காம போவும்னு நெனக்கலங்க. அந்த அண்ணன் தாவலைன்னா என்ன ஆயிருக்கும்?"

தனக்குக் கோபம் வரும் என்று அவன் எதிர்பார்த்தான். வரவில்லை. டீ டம்ளரைக் கையில் வைத்தபடி, இத்தனை நாள் வாய்க்குள் அடக்கி வைத்திருந்ததைச் சொன்னான்.

"எனக்கு உன்மேல பொறாமை, மாதேசு. இன்னைக்கு நேத்து இல்ல. உன்னப் பத்தி யாரு நல்லா சொன்னாலும் எனக்கு எரியுது. இப்பக்கூட, நீ அத யோசிக்காம எழுதுனியே, அந்த மனுசன் கட்டோட உக்காந்திருக்காரு, அப்பவும் எனக்கு எரிஞ்சுச்சு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்கு மட்டும் இல்லியா? நேத்து சாரு உங்க கையக் குலுக்கினப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? உங்களப் புடிச்சுத் தள்ளணும்போல இருந்துச்சு."

டிரைவர் ஹாரன் அடித்தார். இருவரும் போய் ஏறினார்கள்.

மறுநாள் ஹரீஷ்குமாரிடம் ரத்தினவேல்தான் முதலில் பேசினான். கேபிளைக் கவனித்தது அவள், தான் அதை எடுத்துக்கொண்டு அரைகுறையாகத் திருத்தியது, எல்லாவற்றையும் சொன்னான். அவன் முடித்ததும் மாதேஸ்வரி, தெரிந்தும் தான் சொல்லாமல் இருந்ததைச் சொன்னாள். ஹரீஷ்குமார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. அன்று போட்டார்.

"உங்க வீட்டுச் சண்டைய வீட்டுல வெச்சுக்கங்க! நடுவுல ஒருத்தர் கை போயிருந்தா யாரு பதில் சொல்றது?"

கூடிய சீக்கிரம் சென்றாயனை நேரில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார். இனி யார் எழுதியதையும் இன்னொருவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் வெளியே அனுப்பக்கூடாது என்றார். அந்த வருடம் இருவருக்கும் பதவி உயர்வு கிடையாது என்றும் சொன்னார். மாதேஸ்வரி தலையசைத்துவிட்டு, "சார், என்னை மேல்மாடி மோட்டார் குழுவுக்கு மாத்திருங்க" என்றாள். அவனிடம் அவள் அதைப் பற்றி முன்பு ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பழம் வாங்கிக்கொண்டு சென்றாயன் வீட்டுக்குப் போனார்கள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்கள். அவருடைய மனைவி மாரம்மா முதலில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "அந்தக் கைய வெச்சுத்தான் எங்க குடும்பம் ஓடுது" என்று வாசலிலேயே நின்று சொன்னாள். அவர்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள். வெகுநேரம் கழித்துத்தான் குடிக்கத் தண்ணீர் வந்தது.

அடுத்த வாரம் மாதேஸ்வரியின் மானிட்டரை ரத்தினவேலே தூக்கிக்கொண்டு மாடியேறினான். புது மேஜையில் வைத்து, கேபிள்களை மாட்டிக்கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தான். தன் இடத்தில் உட்கார்ந்தபோது, எதிரே அவள் நாற்காலி காலியாக இருந்தது. நெஞ்சில் ஏதோ பாரம் இறங்கியதுபோல நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதியாக இருந்ததுதான் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அதை மறைக்காமல் சொன்னான். "நீ மேல போனது எனக்கு நிம்மதியா இருக்கு. சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு."

மாதேஸ்வரி லாவண்யாவின் சீருடையை உதறி மடித்தாள்.

"எனக்கும் அப்படித்தாங்க இருக்குது" என்றாள். பிறகு மடித்த துணிகளில் பாதியை அவன் கையில் கொடுத்து, பீரோவில் வைக்கச் சொன்னாள்.