நூறாவது இதழின் கடைசிப் பக்கம்

பத்து வருஷமாகச் சித்திரக்கதை வீரன் சாம்பல் பருந்து பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் தன் கையால் எழுதியவள் பிலோமினா டிரபானி. கதையை எவரெவரோ எழுதினார்கள். அவன் வாயருகே மிதக்கும் வெள்ளைக் குமிழுக்குள் அந்த வசனத்தைக் கறுப்பு மையில் எழுத்தெழுத்தாக நிரப்புவது அவள் வேலை. அவன் எப்போது கத்துவான், எப்போது வாயை மூடிக்கொள்வான் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

1951 ஆகஸ்டு. மன்ஹாட்டனில் நாற்பத்தாறாம் தெரு, மூன்றாவது மாடி. முகமூடி வீரர்களின் காலம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அட்டையில் பிணம் தொங்கும் புத்தகங்கள்தான் கடைகளில் பறந்தன. சாம்பல் பருந்தின் இதழ்க்கட்டுகளோ பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. முதலாளி பார்னி ஃபைன்கோல்டு அந்தக் கட்டுகளைக் காலால் தள்ளினார்.

"நூறாவது இதழ்ல பருந்து ஒருத்தனைக் கொல்லணும்," என்று உத்தரவு போட்டுவிட்டார்.

ஒஹையோவிலிருந்து புதிதாக வந்திருந்த கதாசிரியன் கிளைட் அப்படியே எழுதிக் கொடுத்தான். செவ்வாய்க்கிழமை காலை கடைசிப் பக்கம் பிலோமினாவின் மேசைக்கு வந்தது. ஒரே வரிசையில் மூன்று படங்கள். முதல் படத்தில், பாலத்தின் உச்சியிலிருந்து பருந்து ஒருவனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். தொங்குகிறவன் கல்முகன், இதே இதழின் தொடக்கத்தில் பருந்தின் அண்ணன் டாமைக் கொன்றவன். இரண்டாவதில் விரல்கள் விரிந்த ஒரு கை, அவ்வளவுதான். மூன்றாவதில் கல்முகன் ஆற்றை நோக்கி விழுகிறான். வசனம்: 'அண்ணா, இது உனக்காக.'

பிலோமினா பேனாவைக் கீழே வைத்தாள்.

"முதலாளி, இதை நான் எழுதமாட்டேன்."

"என்னம்மா, கை வலியா?"

"இவன் கையை விடமாட்டான்."

பார்னி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "தாயே, அவன் காகிதம். நான் விடச்சொன்னா விடுவான். உனக்குச் சம்பளம் எழுதறதுக்கு, யோசிக்கறதுக்கில்ல."

கிளைட் நாற்காலியைத் திருப்பினான். "மேடம், சொந்த அண்ணனைக் கொன்னவன். கோவம் வராதா?"

"வரட்டும் தம்பி. கோவம் வர்றது வேற, கையை விடறது வேற."

"சரி, ஏன் விடமாட்டான்? ஒரு காரணம் சொல்லுங்க."

"அவன் நல்லவன்."

"நல்லவன்ங்கறது காரணமா? அது அவன் போட்டிருக்கற சட்டை. இவ்வளவு நாளா யாரையும் கொல்லல, சரி. கொல்லணும்னு அவனுக்கு எப்பவாவது தோணியிருக்கா? இன்னைக்குத்தான் தோணுது. இன்னைக்கு ஏன் கூடாது?"

அவளுக்குச் சுருக்கென்றது. பையன் சொல்வது சரிதான். தொண்ணூற்றொன்பது இதழ்களில் பருந்து எதையுமே இழந்ததில்லை. எதையும் இழக்காதவன் நல்லவனாக இருப்பதில் என்ன கெட்டிக்காரத்தனம்? படங்களை எடுத்துக்கொண்டு, அவற்றை வரைந்தவரிடமே போனாள்.

ஸெலிக் பிரான்வைன் ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போலந்தில் பியாலிஸ்டோக் ஊர் யூதர். போருக்கு முந்தின வருஷம் தனியாகக் கப்பலேறி வந்தவர். அங்கே விட்டுவந்த அண்ணன், அண்ணி, இரண்டு பெண்குழந்தைகள், நால்வரையும் நாஜிகள் மிச்சம் வைக்கவில்லை. அலுவலகத்தில் எல்லாருக்கும் அது தெரியும். யாரும் பேசுவதில்லை.

"கேட்டுச்சு," என்றார், திரும்பாமலே. "அந்தக் கை இருக்கே பிலோமினா, அதை ஒரே மூச்சுல வரைஞ்சேன். பென்சில்கூட வைக்கல. நேரா மைதான்."

அவள் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க அண்ணன் வீட்டைக் காட்டிக்கொடுத்தவன் யாருன்னு எனக்குத் தெரியும். அடுத்த தெருக்காரன். இன்னைக்கும் எங்கயாவது ரொட்டி தின்னுட்டு நல்லாத்தான் இருப்பான். மனசுக்குள்ள தினம் ஒரு தடவை அவனைக் கீழ போடறேன். காகிதத்துல ஒரே ஒரு தடவை போட்டுக்கறேனே, விடு."

கீழே வண்டிகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிலோமினா, வாதாடுவதற்காக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்:

"போட்டதும் என்ன ஆகுது, ஸெலிக்?"

அவர் தூரிகையைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"தண்ணிக்குள்ள போயிடறான். ஒண்ணுமே சொல்லாம போயிடறான், அயோக்கியன்."

"என்ன சொல்லணும்?"

"அவங்க பேரைச் சொல்லணும். நான்தான் செஞ்சேன்னு சொல்லணும். நாலு பேர் முன்னாடி நிமிர்ந்து நின்னு, அவன் வாயால." தூரிகையைக் கீழே வைத்தார். "செத்தவன் எப்படிம்மா பதில் சொல்லுவான்?"

சொல்லிவிட்டு அவரே அவளைத் திரும்பிப் பார்த்தார்.

பிலோமினா அந்தப் பக்கத்தை மேசையில் வைத்து, கத்தரிக்கோலை எடுத்தாள். "வெட்டட்டுமா?"

"வெட்டு."

மூன்று படங்களையும் தனித்தனியாக நறுக்கி, வரிசையைத் தலைகீழாக்கி வைத்தாள். முதலில் கல்முகன் விழுகிறான். அடுத்து, விரல்கள் விரிந்த கை. கடைசியில், மணிக்கட்டைப் பற்றிய பிடி. ஒரு கோடுகூட மாறவில்லை. விட்ட கை இப்போது பிடிக்க நீண்ட கையாகிவிட்டது.

ஸெலிக் குனிந்து பார்த்தார். மூக்கு காகிதத்தில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். பிறகு சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க. அந்த அலுவலகத்தில் அவர் சிரித்து யாரும் கேட்டதில்லை. கிளைட் எழுந்து ஓடிவந்தான். பின்னாலேயே பார்னி.

"அடிப்பாவி! என் பக்கத்தை வெட்டிட்டியா? அஞ்சு மணிக்கு அச்சகத்து வண்டி வருது!"

கிளைட் மட்டும் கத்தவில்லை. படங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"காரணம் கேட்டியே தம்பி," என்றாள் பிலோமினா. "இவனுக்குக் கோவம் குறையல. கொன்னா அந்தக் கோவத்துக்குப் பத்தாது. கல்முகன் உயிரோட இருந்து பதில் சொல்லணும்."

கிளைட் பென்சிலைத் தேடி காதுக்குப் பின்னால் தடவினான். "அப்ப அவன் பதில் சொல்றதைக் காட்டணும். கோர்ட்டு. எனக்கு இன்னொரு பக்கம் வேணும்."

"பக்கம் என்ன மரத்துலயா காய்க்குது?" என்றார் பார்னி. "மிச்சம் இருக்கறது அரிப்புப் பொடி விளம்பரம் மட்டுந்தான்!"

"அதைத் தூக்குங்க," என்றாள் பிலோமினா.

"ஏன்? எதுக்கு? ரத்தம்தான்மா விக்குது!"

"ரத்தம் எல்லாக் கடையிலயும் தொங்குது, முதலாளி. கொல்ற அளவுக்குக் கோவம் இருந்தும் கொல்லாதவன் நம்மகிட்ட மட்டும்தான் இருக்கான். அவனையும் ஆத்துல போட்டுட்டு எதை விப்பீங்க?"

பார்னி படங்களைப் பார்த்தார், ஸெலிக்கின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் என்ன கண்டாரோ, நேராகப் போய்த் தொலைபேசியை எடுத்தார். அரிப்புப் பொடிக்காரன் மறுமுனையில் திட்டுவது அறை முழுக்கக் கேட்டது. "ஆமாய்யா, நான் கிறுக்கன்தான்!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு வைத்தார். "இது ஊத்திக்கிச்சுன்னா உங்க மூணு பேர் தலையிலதான் கட்டுவேன்!"

கிளைட் ஒவ்வொரு வரியாக எழுதி எழுதிக் கிழித்துக் கொடுக்க, ஸெலிக் வரைய, ஈரம் காயுமுன்பே பிலோமினா எழுத்தைப் போட்டாள். நீதிமன்றக் கூண்டில் கல்முகன் நின்றான். பார்வையாளர் பெஞ்சின் முதல் வரிசையில் ஒரு ஆண், தலையில் துணி கட்டிய ஒரு பெண், பின்னல் போட்ட இரண்டு சிறுமிகள். கிளைட்டின் காகிதத்தில் அவர்கள் இல்லை. ஸெலிக் தானாகவே வரைந்தவர்கள். அவர்கள் முகத்தில் படாதபடி பிலோமினா குமிழைச் சற்று மேலே தள்ளிப் போட்டாள். அதற்குள் கல்முகனின் வார்த்தைகள்: 'டாமைக் கொன்றது நான்தான்.' முந்தின பக்கத்தில், பிடித்த கைக்கு மேலே பருந்தின் வார்த்தைகள்: 'நீ செத்தால் எனக்குப் போதாது.' அதை அவள் வழக்கத்தைவிடத் தடிமனாக எழுதினாள்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் வண்டி வந்தது.

அக்டோபரில் திரும்பி வரவேண்டிய கட்டுகள் வரவில்லை. முதல் வாரம் பார்னி நகத்தைக் கடித்தார். இரண்டாவது வாரம் விநியோகஸ்தரே கூப்பிட்டு, கையிருப்பு ஏதாவது கிடக்கிறதா என்று கெஞ்சினார். சுரங்க ரயில் வாசலில் பத்திரிகை விற்கும் அம்மாள் 'பருந்து தீர்ந்தது, கேட்காதே' என்று அட்டை எழுதி மாட்டியிருந்தாள். கடிதங்கள் மூட்டையில் வந்தன. பிட்ஸ்பர்க் இரும்பாலைத் தொழிலாளி ஒருவர் எழுதியதைக் கிளைட் மேசைமேல் ஏறி நின்று படித்தான்:

"ஒருவனைக் கொல்லவேண்டும் என்று ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் பையனின் புத்தகத்தை பஸ்ஸில் எடுத்துப் படித்தேன். இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். மறுநாள் வக்கீலைப் போய்ப் பார்த்தேன்."

ஸெலிக் கையை நீட்டி அந்தக் கடிதத்தை வாங்கி, மடித்து, சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு பார்னி கீழ்க் கடையிலிருந்து மாட்டிறைச்சி சாண்ட்விச்சும் ஊறுகாயும் ஒரு பெட்டி சோடாவும் வரவழைத்தார். அவர் தன் கைக்காசில் யாருக்கும் எதுவும் வாங்கிக் கொடுத்த சரித்திரமே கிடையாது.

"நூத்தியொண்ணு!" என்று மேசையைத் தட்டினார். "என்ன நடக்குது? சொல்லுங்க!"

"கல்முகன் ஜெயில்ல இருந்து பருந்துக்குக் கடுதாசி போடறான்," என்றான் கிளைட், வாய் நிறைய ரொட்டியோடு.

"இவன் பிரிக்காம வச்சிருக்கான்," என்றார் ஸெலிக்.

"யார் சொன்னா? பிரிப்பான்!" என்றாள் பிலோமினா. "நின்ன இடத்துலயே பிரிச்சுப் படிப்பான்!"

நால்வரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள்.