வெளிச்சம் பார்க்க எடுத்த படம்

சவப்பெட்டியை மூடிவிட வில்மர் சித்தப்பா மூடியைத் தூக்கியதும் அம்மா இரண்டு கைகளையும் கண்ணாடி மேல் வைத்து மறித்துக்கொண்டாள். கண்ணாடிக்குக் கீழே அப்பா செகுந்தோ படுத்திருந்தார். தலை ஒழுங்காக வாரியிருந்தது. உயிரோடு இருந்தவரை அந்தத் தலை சீப்பைக் கண்டதில்லை.

"படம் வரட்டும். அப்புறம் மூடலாம்."

"அண்ணி, ஃபாதர் கல்லறைத் தோட்டத்துல மழைல நிக்கிறாரு."

"நிக்கட்டும். நாளைக்கு இந்த மனுஷன் மூஞ்சி எனக்கு மறந்துபோச்சுன்னா நீயா வந்து காட்டுவ?"

சித்தப்பா மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஹிமேனாவைப் பார்த்தார். அவ பெத்த பொண்ணு நீ, நீயே பேசு என்று அர்த்தம். ஹிமேனாவுக்குத் தலையே வெடித்துவிடும்போல் இருந்தது. முந்தாநாள் வாழைக்குலையைச் சுமந்து வந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். தலைநகர் கீட்டோவிலிருந்து பஸ் பிடித்து ஓடி வந்தவளுக்கு ஆற அமர அழக்கூட நேரமில்லை. வந்ததிலிருந்து அப்பாவின் படத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள்.

வீட்டில் படத்துக்கா பஞ்சம்? சுவர் முழுக்கப் படம்தான். இருந்த மாடுகளை விற்றுவிட்டு, கொல்லையில் பாசி பிடித்த கிளை ஒன்றை நட்டு, தினமும் அதில் பழுத்த வாழைப்பழத்தைக் குத்திவைத்தார் அப்பா. பறவைகள் வந்தன. பறவைகளுக்குப் பின்னால் உலகத்தில் இருக்கிற கேமராக்காரர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். ஊருக்குப் போய்ச் சட்டம் போட்டுப் படம் அனுப்பினார்கள். பெரிய அலகால் பழம் தின்னும் டூக்கான், பழத்தை விழுங்க அண்ணாந்த டூக்கான், மழையில் நனைந்த டூக்கான். பழம் வைத்த மனுஷனை ஒருத்தனும் எடுக்கவில்லை. ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் அவருடைய ரப்பர் பூட்ஸ் தெரிந்தது.

அடையாள அட்டையில் படம் இருந்தது. அம்மா அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "மாடு திருடி மாட்டிக்கிட்டவன் மாதிரி இருக்கு. இத வெச்சா ஜெபம் சொல்லுவேன்?"

கல்யாணப் படத்தைக் காட்டினாள் ஹிமேனா. அதுவும் வேண்டாமாம். "இந்தப் பையனோட நான் ரெண்டு வருஷம்தான்டி குடும்பம் நடத்துனேன். மிச்சமெல்லாம் இந்தக் கிழவனோட."

"உன் போன்ல இல்லியா?" என்று கேட்டார் சித்தப்பா. அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் கூப்பிடுவாள் ஹிமேனா. "அப்பா, உங்க மூஞ்சியக் காட்டுங்க" என்பாள். "என் மூஞ்சில என்ன இருக்கு, இதப் பாரு" என்று போனைத் திருப்பிவிடுவார். இலை தெரியும், ஆடுகிற கிளை தெரியும், அப்புறம் இருட்டு. எங்கே என்று கேட்டால், "பறந்துபோச்சு. நீ கத்துனேல்ல" என்பார். செத்தும் உயிரை வாங்குகிறாரே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

சமையலறை வாசலில், எங்கே நிற்பது என்று தெரியாமல், ஹென்க்கும் அவர் மனைவி மார்லீனும் நின்றிருந்தார்கள். ஹாலந்துக்காரர்கள். வருஷா வருஷம் வந்து பின்கட்டு அறையில் தங்குகிறவர்கள். சாயங்காலம்தான் பஸ் என்பதால் போகவும் வழியில்லை. கையில் எலுமிச்சைப்புல் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. கேட்டுத்தான் பார்ப்போமே என்று ஹிமேனா அவர்களிடம் போனாள்.

"அப்பா படம் ஏதாச்சும் உங்ககிட்ட இருக்கா?"

"தினமும் எடுப்போம்" என்றார் ஹென்க், தட்டுத் தடுமாறின ஸ்பானிஷில்.

"அப்பாவயா?"

"பறவை வருவதற்கு முன்னால். மரங்களுக்கடியில் இருட்டு அல்லவா? அவரே போய்க் கிளையில் தாடையை வைத்துக்கொண்டு நிற்பார். எடுங்கள் என்பார். அவர் முகத்தை எடுத்து வெளிச்சம் போதுமா என்று பார்ப்போம்."

"சரி, அந்தப் படம் எங்க?"

ஹென்க் தொப்பியைக் கழற்றினார். "பறவை வந்ததும் அழித்துவிடுவோம். எல்லோரும் அப்படித்தான்."

இத்தனை வருஷமாக இந்த வீட்டுக்கு வந்தவன் ஒவ்வொருத்தனும் முதலில் எடுத்தது அப்பாவின் மூஞ்சியை. எடுத்துவிட்டு அழித்திருக்கிறான். ஆனால் ஹிமேனாவுக்கு இவர்கள் மேல் கோபம் வரவில்லை. எல்லாம் அந்த மனுஷன் மேல்தான் வந்தது.

"அத்தன பேர்ல ஒருத்தன்கிட்ட, எனக்கு ஒண்ணு குடுய்யான்னு கேட்டா வாய்ல முத்து உதிர்ந்துருமா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள். ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மார்லீன் தேநீரை ஜன்னலில் வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனாள். "அவள் எதையும் அழிக்க மாட்டாள்" என்றார் ஹென்க். "எனக்கும் அவளுக்கும் அதில்தான் எப்போதும் சண்டை."

சட்டைக்குள் பொத்திக்கொண்டு கேமராவை எடுத்து வந்தாள் மார்லீன். நின்ற இடத்திலேயே விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள். பறவை, பறவை, பறவை. பிறகு ஹிமேனாவிடம் நீட்டினாள்.

பாசிக் கிளைமேல் தாடை. விறைத்து நிற்கும் தலைமயிர். ஒரு பக்கமாய் இழுத்த வாய். கேமராவைப் பார்க்கவில்லை. கண் இரண்டும் மேலே, பறவை வரப்போகிற திசையில் இருந்தன. ஹிமேனா அதைப் பெட்டியருகே கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தாள்.

சால்வையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிய அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"இங்க பாக்கலியே."

"அவரு எப்பம்மா பாத்தாரு."

அம்மா கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "மூடு வில்மர்" என்றாள்.

சித்தப்பா மூடியை வைத்துத் திருகாணிகளை முடுக்க ஆரம்பித்தார். பெண்கள் அழுதார்கள். ஹிமேனாவும் அழுதாள். அழுகிறபோதும் கோபம் போகவில்லை. ஒரே ஒரு தடவை போனை இந்தப் பக்கம் திருப்பியிருக்கலாம்.

"கன்னத்துல பழத்த ஈஷிக்கிட்டு நிக்கிறதப் பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா கேமராத் திரையில் கட்டைவிரலால் அதைத் துடைத்தாள். அப்பா ஒரு பக்கமாய் நழுவிப் போனார். அடுத்த படத்தில் அதே கிளையில் டூக்கான் வந்து உட்கார்ந்தது.

அம்மா பதறிப்போய் நிமிர்ந்தாள். ஹிமேனா விரல் வைத்து அவரைத் திரும்ப இழுத்துக் கொடுத்தாள்.

அம்மா சால்வை நுனியை எச்சிலில் நனைத்து, மறுபடி துடைத்தாள்.