ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பு விளக்குகள்

...இல்லை, இதுவும் இல்லை, காரின் மூக்கு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்திருக்க வேண்டும், காலையிலிருந்து இந்த மூக்கைத்தான் குன்வோர் போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருக்கிறாள், கார் என்னவோ எதிரிலேயே நிற்கிறது, அண்ணன் சிக்ஸ்டனின் கொட்டகையில், வெளிர்நீல வால்வோ அமேசான், செத்துப்போன அப்பாவின் வண்டி, அவளோ கவிழ்த்த பீர்ப் பெட்டிமேல் மடியில் டேப்லெட்டோடு... மத்தியானம் வண்டியை விலைக்கு வாங்கினவர் வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார், அதற்குள் ஒரே ஒரு படம், அதுகூட வரவில்லையென்றால் பிறந்ததிலிருந்து கார் கார் என்று அலைந்து என்ன பிரயோசனம்? ஊரார் வண்டியெல்லாம் வரைந்தாயிற்று, கோடையில் வெஸ்டெரோஸ் நகரத்துக் கார்த் திருவிழாவில் முரட்டு ஆட்கள்கூட அவள் படத்தைப் பார்த்துக் கண் கலங்குகிறார்கள், சொந்த வண்டிக்கு மட்டும் இந்தக் கைக்கு என்ன கேடு? படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தாள், அப்படிப் பார்த்தால்தான் ஒளிந்திருக்கும் தப்பு கண்ணில் படும், ஆனால் தப்பே இல்லை, அளவு சரி, நிறம் சரி, அதுதான் எரிச்சல்.

சிக்ஸ்டன் காபியோடு வந்து எட்டிப் பார்த்தான். "என்னடி இது, சோப்புக்கட்டி மாதிரி இருக்கு?" வாயை மூடிக்கொண்டு போ என்றாள். "ஐயோ, நான் ஒண்ணும் சொல்லல தாயே." அவனுக்கென்ன, அம்மாவும் அப்பாவும் பிரிந்தபோது அப்பாவோடு போனவன், தினமும் அந்த வண்டிக்குள்ளேயே வளர்ந்தவன், அம்மாவிடம் தங்கிவிட்ட அவளுக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான், வெள்ளிக்கிழமை அப்பா வந்து அழைத்துப் போவார், ஞாயிறு சாயங்காலம் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுவார், போய்விடுவார்...

வாங்கினவர் வந்தார், கை குலுக்கினார், சாவி கைமாறியது, அவ்வளவுதான், படம் முடியவே இல்லை, வண்டி முற்றத்தில் இறங்கிக் வெளிக்கதவருகே தயங்க, பின்னால் இரண்டு விளக்கும் சிவந்தன. ஐயோ! அவள் கை தானாக ஓடியது, பார்க்காமலே ஓடியது, பின்பக்கத்து வளைவு, நெட்டுக்குத்தாக அந்த இரண்டு சிவப்பு, சின்ன வயதில் அம்மா வீட்டு அடுப்படி ஜன்னலில் நெற்றியை அழுத்தி, பிர்ச் மரத்துத் திருப்பத்தில் மறைகிறவரை அந்த ஞாயிறுகளில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆனது.

"அடியே, இதுதான் நம்ம வண்டி," என்றான் சிக்ஸ்டன். குன்வோருக்குக் கோபமாக வந்தது, "அப்பா போறதை மட்டுந்தானே எனக்குக் காட்டினார்?"

"ஏன், வரலையா? வெள்ளிக்கிழமை உங்க வாசல்ல ஹாரன் அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சுபோவார், நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். நீதான் எட்டிக்கூடப் பார்க்க மாட்ட."

ஆமாம், கட்டில்மேல் காதைப் பொத்திக்கொண்டு, மேலே ஏறி வந்து கூப்பிடட்டும் என்று... எத்தனை தடவை போனாரோ அத்தனை தடவை வந்தும்தானே இருக்கிறார்? வண்டியின் அந்த முன்பக்கம் எப்படித்தான் இருந்திருக்கும், வாசலில் நின்று, அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு? ஓவியப் பேனா திரைமேல் நின்றது, எங்கே தொடங்குவதென்று அவளுக்குத் தெரியவில்லை.